கோயில் கிளாரினெட்காரருக்கு ஒரு ஜாஸ் விழா: தென் கெடாச் சிறுநகர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மலேசியாவின் தென் கெடாவில் உள்ள தோட்டப்புறச் சிறுநகர் ஒன்றில், காலஞ்சென்ற உள்ளூர் இசைக்கலைஞர் ஒருவரின் நினைவாக நடத்தப்பட்ட ஒரு நாள் ஜாஸ் விழாவைப் பற்றியது இந்த ஆய்வு. விழாச் செயற்குழுவின் செயலாளராக நான் இருந்தேன்; ஆகவே இங்கே பதிவாகும் தவறுகளில் சில என்னுடையவை. குடும்பத்தாரின் விருப்பப்படி ஊரின் பெயரும் ஆட்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

அவர் 1930-களின் நடுவில் ரப்பர்த் தோட்டத்து லயத்து வீடொன்றில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் பால் மரம் வெட்டியவர்கள். கோயில் திருவிழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் வாசித்துக்கொண்டிருந்த தோட்டத்து பேண்டு செட்டில் பையனாகச் சேர்ந்து கிளாரினெட் கற்றார். பட்டர்வொர்த் விமானத் தளம் 1958 முதல் 1988 வரை ஆஸ்திரேலிய விமானப்படையின் பொறுப்பில் இருந்த காலத்தில், அங்கே படையினர் உண்டு பொழுதுபோக்கும் மெஸ்களின் வார இறுதி நடனங்களுக்கு வாசித்த உள்ளூர்க் குழு ஒன்றில் சேர்ந்து ஆல்ட்டோ சாக்சபோனுக்கு மாறினார். 1985-இல் பாலம் திறக்கப்படும்வரை பினாங்குத் தீவுக்குப் போவதற்கு ஃபெரியே வழியாக இருந்ததால், ஜார்ஜ் டவுன் ஓட்டல்களில் வாசித்துவிட்டுக் கடைசி ஃபெரியைத் தவறவிட்ட இரவுகளில் படகுத்துறை பெஞ்சில் வாத்தியப் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்ததாக அவர் பிற்காலத்தில் சொல்லக் கேட்டவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

1970-களின் இறுதியில் ஓட்டல்களில் டிஸ்கோ வந்து, ஆறு பேர் வாசித்த இடத்தில் ஓர் ஒலிநாடாப் பெட்டி போதும் என்ற நிலை ஏற்பட்டபோது, அவர் ஊர் திரும்பித் தோட்டத்து ஸ்டோரில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், பங்குனி உத்திரத்துக்கும் சாமி ஊர்வலத்துக்கும் கிளாரினெட் வாசித்தார். இழவு வீட்டுக்குக் கூப்பிட்டாலும் போவார். ஆகவே ஊருக்கு அவர் ‘கோயில் கிளாரினெட்காரர்’. பினாங்கின் மூத்த இசைஞர்கள் சிலருக்கோ அவர் ‘பட்டர்வொர்த் ஆல்ட்டோ’. இரு தரப்பாரும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதை விழா வேலைகள் தொடங்கிய பிறகே அறிந்துகொண்டனர்.

மலேசிய ஜாஸின் கதை எழுதப்படும்போது, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிலாங்கூர் மாநில பேண்டுக்காகத் தருவிக்கப்பட்ட பிலிப்பினோ இசைஞர்களும், பினாங்கின் பியானோக் கலைஞரும் இசையமைப்பாளருமான ஜிம்மி பாய்ல் (1922–1971) போன்றவர்களும் முறையாகவே இடம்பெறுகிறார்கள். தோட்டத்து பேண்டு செட்டிலிருந்து அந்த மேடைகளுக்குப் போன தமிழர்களின் பெயர்களை அப்படி எளிதில் காண முடிவதில்லை. இந்தக் குறையே விழா எண்ணத்துக்கு விதை.

விழாவின் முதல் வடிவம்

அவர் மறைந்து இரண்டாண்டுகள் கழித்து, உள்ளூர்த் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்தினரும் கோயில் நிர்வாகத்தினரும் ஓர் உறுமி மேளக் குழுவின் இளைஞர்களும் சேர்ந்து பதினொரு பேர் கொண்ட செயற்குழுவை அமைத்தனர். உறுப்பினர்களில் ஒருவர் 2004-இல் தொடங்கிய பினாங்குத் தீவு ஜாஸ் விழாவுக்கு இரண்டு முறை போய்வந்தவர். கடற்கரையில் மேடையமைத்து அவர்கள் செய்வதை நம் பாடாங்கில் (ஊர்த் திடலில்) ஏன் செய்யக்கூடாது என்று அவர்தான் கேட்டார்.

கேள்வி நல்லதுதான். ஆனால் அதற்கு நாங்கள் தயாரித்த விடையில் ஜாஸ் மிகக் குறைவாகவே இருந்தது. முதல் நிகழ்ச்சி நிரலில் கோலாலம்பூரிலிருந்து இரண்டு திரைப்பாடகர்கள், சென்னையிலிருந்து ஒரு சாக்சபோன் கலைஞர், ஒரு நகைச்சுவையாளர், பிரமுகர்களுக்குப் பொன்னாடை, இவற்றுக்கிடையில் ‘அன்னாருக்கு இசையஞ்சலி – 10 நிமிடம்’ என்று ஒரு வரி. தோட்டப்புற மக்கள் ஜாஸ் கேட்க உட்காரமாட்டார்கள் என்பது குழுவில் யாரும் கேள்விக்குட்படுத்தாத அனுமானமாக இருந்தது. நானும் கேட்கவில்லை.

சென்னைக் கலைஞரை அழைக்கும் திட்டம் தானாகவே விழுந்தது. வெளிநாட்டுக் கலைஞர் ஒருவர் மேடையேற வேண்டுமானால் புஸ்பால் எனப்படும் அரசுக் குழுவின் அனுமதியும், அதையொட்டிய குடிநுழைவுத் துறை அனுமதியும் வேண்டும். இரண்டையும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அவருடைய ஒப்புதலைப் பெற்ற பிறகு விண்ணப்பித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்ததில் எங்களிடம் நாள் மிஞ்சவில்லை. தாமதம் முழுக்க எங்களுடையது. அன்றைக்கு அதைப் பெரிய இழப்பாகக் கருதினோம்.

மகளின் வருகை

குடும்பத்தாரிடம் நாங்கள் ஒருமுறை பேசியிருந்தோம்: மூத்த மகள் குத்துவிளக்கேற்ற வர வேண்டும் என்று. ஓய்வுபெற்ற தாதியான அவர் சம்மதித்தார். நிகழ்ச்சி நிரலை அவரிடம் காட்டவில்லை. விழாவுக்குப் பத்து வாரங்கள் இருக்கும்போது வெளியான சுவரொட்டியை அவர் யாரோ அனுப்பிவைத்த கைப்பேசிப் படமாகத்தான் பார்த்தார். அதில் ‘ஜாஸ் சக்கரவர்த்தி’ என்ற பட்டத்தின் கீழ் ஒரு சாக்சபோனின் படம் இருந்தது. அது அவர் வாசித்த ஆல்ட்டோ அல்ல, அதைவிடப் பெரிய டெனர் வகை. யாருடையதோ, எங்கிருந்தோ எடுத்தது.

அடுத்த கூட்டத்துக்கு அவர் சொல்லாமல் வந்தார். கையில் பழைய மைலோ டின் ஒன்று. ஐந்து கிலோ கொள்ளும் பச்சை டின், மூடியின் ஓரம் துருவேறியிருந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு உட்காராமலே கேட்டார்: “அப்பா சாக்சபோன் வாசிச்சத உங்கள்ல யாராச்சும் கேட்டிருக்கீங்களா?”

கோயில் தலைவர், “நம்ம கோயில்ல வாசிக்காத நாளா தங்கச்சி?” என்றார்.

“அது கிளாரினெட்டுண்ணே. நான் கேட்டது சாக்சபோன்.”

பதினொரு பேரில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. டின்னுக்குள் 17 ஒலிநாடாக்களும், நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தன. நாடாக்களின் ஒட்டுச்சீட்டில் பாட்டுகளின் பெயர்கள் தமிழ் எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. ஆங்கிலப் பாட்டுகளும் அப்படியே. நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்ட தாளில் மெட்டுகளும், அவற்றின் மேல் சுரக்கூட்டுகளின் (கார்டுகளின்) குறிகளும், இடையிடையே ‘இங்கே மெதுவா’, ‘துரைசானி ஆடும்போது இரண்டு தடவை’ போன்ற குறிப்புகளும் இருந்தன.

ஒலிநாடா: செய்யக்கூடாததைச் செய்தது

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இத்தகைய டின்களும் பிஸ்கட் பெட்டிகளும் நம் வீடுகளில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன.

மகள் வந்த அன்றிரவே, ஆர்வத்தில், கோயில் அலுவலகத்தில் கிடந்த பழைய வானொலிப் பெட்டியில் ஒரு நாடாவைப் போட்டுக் கேட்க முடிவு செய்தோம். ‘1988, மெஸ், கடைசி ராத்திரி’ என்று எழுதியிருந்ததைத் தேர்ந்தெடுத்தோம். ஆஸ்திரேலியர்கள் தளத்தின் பொறுப்பைக் கைமாற்றிய ஆண்டு அது. ஊர் திரும்பிப் பல வருடங்கள் ஆகியிருந்த அவரைப் பழைய குழுவினர் அந்த ஓர் இரவுக்காக மறுபடி அழைத்திருக்கிறார்கள் என்று மகள் சொன்னார். நாடாச் சுருளின் ஓரத்தில் அரிசிமாவு தூவியதுபோல் வெண்மையாகப் படிந்திருந்ததை நான் பார்த்தேன். விரலால் பெட்டியின் மேற்புறத்தைத் துடைத்துவிட்டு, பொத்தானை அழுத்தினேன்.

நாலைந்து வினாடிகள் கைதட்டல் கேட்டது. ஒருவர் ஆங்கிலத்தில் ஏதோ அறிவித்தார். சாக்சபோனின் முதல் இழுப்பு வந்தது. பிறகு ஒலி கீழே இறங்கி, தண்ணீருக்குள் போனதுபோல் குழைந்து நின்றது. நாடாவை இழுத்துச் செல்லும் ரப்பர் உருளை அதைத் தன்மேல் சுற்றிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து இழுத்தபோது நாடா மடிந்து சுருண்டு, இரண்டு இடங்களில் அறுந்தது.

அந்த வெண்மை பூஞ்சணம். நம் நாட்டின் ஈரப்பதத்தில் மூடிய டின்னுக்குள் இருபது, முப்பது ஆண்டுகள் கிடந்த நாடாவில் அது வளர்ந்து சுற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. ஒட்டிய நாடாவை எந்திரம் சீராக இழுக்க முடியாமல் திணறும்போது தளர்ந்த பகுதி உருளையில் சிக்குகிறது. துடைக்காத, ஆண்டுக்கணக்கில் ஓடாத பெட்டியில் போட்டது அதன்மேல் செய்த இரண்டாவது தவறு. மகள் ஒன்றும் சொல்லவில்லை. அறுந்த நாடாவைத் தன் கைக்குட்டையில் வைத்து, மற்றவற்றோடு டின்னில் போட்டு, மூடியை அழுத்தி மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எட்டு நாள் கழித்து, குழுவின் சார்பில் நானும் கோயில் தலைவரும் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் விதித்த நிபந்தனைகள் தெளிவானவை: ஒவ்வொரு நாடாவுக்கும் எண்ணிட்டுக் கையெழுத்திட்ட ரசீது தர வேண்டும், வேலை தெரிந்தவர் ஒருவரிடம் மட்டும் கொடுக்க வேண்டும், முதல் பிரதி குடும்பத்துக்கு வர வேண்டும், அவர் கேட்டு ஒப்பாமல் எதையும் பொதுவில் ஒலிபரப்பக்கூடாது. நான்கையும் எழுத்தில் ஏற்றோம். இவை நாங்கள் முதல் நாளே முன்வந்து தந்திருக்க வேண்டியவை.

பினாங்கில் பழைய ஒலிப்பதிவுகளை மாற்றித் தரும் ஒரு தொழில்நுட்பர் பொறுப்பேற்றார். அவர் நாடாக்களைச் சில நாட்கள் சிலிக்கா ஜெல்லுடன் உலர்ந்த பெட்டியில் வைத்து, முகக்கவசத்துடன் பூஞ்சணத்தைத் துடைத்து, திருகு பூட்டிய புதிய கூடுகளுக்குச் சுருளை மாற்றி, கையால் மெல்ல ஒருமுறை முழுதும் சுற்றிப் பார்த்த பிறகே எந்திரத்தில் ஏற்றினார். பதினொரு நாடாக்கள் முழுமையாக மீண்டன. ஐந்து, அவர் தொடாமலே திருப்பித் தந்தவை. சுற்றுகள் இறுக ஒட்டியிருந்தன. நான் கெடுத்த நாடாவை ஒட்டவைத்தும் நடுவில் சில நிமிடங்கள் போயின.

வேகத்தைச் சரிசெய்த விதம் எனக்குப் புதிய செய்தி. ஒலிநாடா வினாடிக்கு 4.76 செண்டிமீட்டர் ஓட வேண்டும். பதிவு செய்த பெட்டி சற்று மெதுவாக ஓடியிருந்தால், சரியான பெட்டியில் கேட்கும்போது சுருதி ஏறிவிடும். எல்லாம் அரைச்சுரம் கூடுதலாகக் கேட்டது. பதிவின் அடியில் மெல்லிய மின்சார ரீங்காரம் இருந்தது. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. ஆனால் நாடாவில் அது 53-ஆகக் காட்டியது. ரீங்காரம் 50-க்கு வரும்வரை வேகத்தைக் குறைத்ததும், சாக்சபோன் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

ஒன்பதாம் எண் நாடா

மீண்ட பதிவுகளை மகளின் வீட்டு முன்னறையில் கேட்டோம். பெரும்பாலானவை எதிர்பார்த்தவை: நடனத்துக்கான மெதுவான பாட்டுகள், பன்னிரண்டு தாளக் கட்ட புளூஸ், முப்பத்திரண்டு கட்டங்களில் அமைந்த அமெரிக்க மெட்டுகள். ஒன்பதாம் எண் நாடா விழாவின் போக்கையே மாற்றியது.

அதில் ஓர் ஆஸ்திரேலியக் குரல் எதையோ சொல்லிச் சிரிக்க, டபுள் பாஸ் நடக்கத் தொடங்குகிறது. டிரம்ஸில் பிரஷ் உரசுகிறது. நாலு கட்டம் கழித்து ஆல்ட்டோ உள்ளே வருகிறது. வந்தது காவடிச் சிந்து. பட்டர்வொர்த் மெஸ்ஸில், நடனமாட வந்தவர்கள் முன்னால், தோட்டத்தில் காவடிக்கு முன் நடந்துகொண்டே வாசிக்கும் அதே மெட்டை இரண்டு சுற்று நேராக வாசித்துவிட்டு, மூன்றாம் சுற்றில் அவர் அதைப் பிரித்து விளையாடத் தொடங்குகிறார். கேட்பவர்கள் இரண்டாவது, நான்காவது அடிகளில் கைதட்டுகிறார்கள்.

உறுமிக் குழுவின் தலைவரான 23 வயது இளைஞர் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, “இது நம்ம நடைதானேண்ணே, இதுக்குப் போயா பயந்தோம்?” என்றார். அவர் சொன்னதில் இசைநுட்பம் இருக்கிறது. காவடிச் சிந்து மெட்டுகள் பல திஸ்ர நடையில் செல்பவை. ஓரடியை மூன்றாகப் பகுத்து நடப்பவை. ஜாஸின் ஸ்விங் என்பதும், எழுத்தில் சமமாகத் தோன்றும் இரண்டு சுரங்களை, மூன்றில் இரண்டு பங்கு நீளம், ஒரு பங்கு குறுக்கம் என்று நொண்டவைத்து வாசிப்பதற்கு நெருக்கமானது. வேகம் கூடும்போது இந்த விகிதம் நெகிழும் என்றாலும், அடிப்படை உறவு செவிக்கு உடனே புலப்படும்.

அன்று எடுத்த முடிவுகள் மூன்று. திரைப்பாடகர்களின் அழைப்பைக் கைவிட்டு, உள்ளூர்ப் பாடகர்களைக் கொண்டு முற்பகுதியை மட்டும் திரைப்பாடல்களாக வைப்பது. பிற்பகுதியை முழுக்க நோட்டுப் புத்தகத்திலிருந்து அமைப்பது. இறுதியில் ஒன்பதாம் நாடாவைக் குடும்பத்தின் ஒப்புதலோடு ஒலிபரப்புவது. முற்பகுதியைத் தக்கவைத்ததற்குக் காரணம் நன்கொடையாளர்கள். அது கலை நோக்கில் எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது. அப்படியும், நட்சத்திரப் பாடகர் இல்லை என்றதும் ஒரு நன்கொடையாளர் விலகினார்.

உரிமம் பற்றியும் அப்போது பேசினோம். மலேசியக் காப்புரிமைச் சட்டம் 1987-இன்படி இசைப் படைப்புகளுக்கான பாதுகாப்பு படைப்பாளரின் ஆயுளும் அதன்பின் 50 ஆண்டுகளும் நீடிக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் இருந்த பழைய மெட்டுகள் சிலவற்றுக்கு அந்தக் காலம் முடிந்திருந்தாலும் எல்லாவற்றுக்கும் முடியவில்லை, திரைப்பாடல்களும் இருந்தன. ஆகவே பாட்டுவாரியாகக் கணக்குப் பார்ப்பதைவிட மொத்த நிகழ்ச்சிக்கும் உரிமம் பெறுவதே முறை என்று முடிவெடுத்தோம். நாடாக்களை இணையத்தில் ஏற்றும் யோசனை கைவிடப்பட்டது. அவரோடு வாசித்த மற்ற ஐவரின் குடும்பங்களை நாங்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஒத்திகை

பினாங்கிலிருந்து ஒரு டிரம்ஸ் கலைஞரும், ஒரு பாஸ் கலைஞரும், ஆல்ட்டோ வாசிக்கும் ஓர் இளைஞரும் வந்தனர். கீபோர்டு எங்கள் ஊர் இசையாசிரியர். நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களை நகலெடுத்து எல்லாருக்கும் கொடுத்தோம். முதல் பாட்டின் முதல் கட்டத்திலேயே ஒன்றுக்கொன்று ஒட்டாத சத்தம் எழுந்தது. கீபோர்டு ஆசிரியர் தாளைச் சரிபார்த்தார், தாளில் பிழையில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. “பெரியவர் தப்பா எழுதிட்டாரோ?” என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

ஆல்ட்டோ இளைஞர்தான் புதிரை விடுவித்தார். ஆல்ட்டோ சாக்சபோன் சுருதி மாறும் வாத்தியம். தாளில் ‘சி’ என்று எழுதியதை ஊதினால் செவியில் ‘ஈ ஃபிளாட்’ கேட்கும். பெரியவர் மெட்டையும் சுரக்கூட்டுகளையும் தம் வாத்தியத்தின் கணக்கில் எழுதிவைத்திருந்தார். அதே தாளைக் கீபோர்டில் அப்படியே வாசித்தால் இரண்டுக்கும் இடையில் மூன்று அரைச்சுரம் விலகல் வரத்தான் செய்யும். கீபோர்டு ஆசிரியர் அன்றிரவே பன்னிரண்டு பாட்டுகளையும் மாற்றி எழுதினார். பெரியவரைப் பிழை செய்தவராகக் கருதிய அந்தப் பத்து நிமிடங்களை ஒத்திகைக் குறிப்பேட்டில் பதிவு செய்திருக்கிறேன்.

அவருடைய சொந்த சாக்சபோனை மேடையில் வாசிக்கவைக்க வேண்டும் என்ற ஆசை நிறைவேறவில்லை. பெட்டியைத் திறந்தபோது உள்ளே சிவப்பு வெல்வெட் தூளாக உதிர்ந்தது. துளைகளை மூடும் தோல் திண்டுகள் காய்ந்து ஓரம் சுருண்டிருந்தன. கழுத்துப் பகுதியின் தக்கை நொறுங்கியது. பழுது பார்க்கலாம், ஆனால் இருந்த நாட்களில் முடியாது. அதை மேடையோரத்தில் ஒரு நாற்காலியில் வைத்தோம்.

நாள் குறித்ததில் நேர்ந்தது

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கில் சனியும் ஞாயிறும். எங்களுக்கு வெள்ளி இரவே உகந்தது, மறுநாள் விடுமுறை. பினாங்குக் கலைஞர்களோ வெள்ளி மாலைவரை வேலையில் இருப்பவர்கள். ஒலிச் சோதனைக்கு வர இயலாது. ஆகவே சனி இரவு என்று முடிவானது. மறுநாள் ஞாயிறு எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள் என்பதை ஒருவர் எழுப்பினார். ஒரு நாள்தானே என்று கடந்துபோனோம்.

மாதம் அக்டோபர், அவர் மறைந்த மாதம். மேற்குக் கரையில் மாலை இடிமழைக்குப் பேர்போன மாதமும் அதுவே. நகராண்மைக் கழகத்தின் பாடாங்கும் போலீஸ் அனுமதியும் கிடைத்திருந்தன. மாற்று இடமாகக் கோயில் திருமண மண்டபத்தை முன்பதிவு செய்யலாமா என்ற பேச்சு வந்தபோது, கோயில் தலைவர் தயங்கினார். மதுக்கூடப் பாட்டை மண்டபத்தில் எப்படி ஒலிக்கவிடுவது என்பது அவர் கவலை. மகள், “இந்தக் கோயில்ல முப்பது வருசம் வாசிச்சவரோட பாட்டுண்ணே அது” என்றார். தலைவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, குடியைப் புகழும் பாட்டு எதுவும் வேண்டாம் என்ற ஒரே நிபந்தனையோடு இசைந்தார். இரண்டு பாட்டுகள் நீக்கப்பட்டன. இசைக்கருவிகள் மட்டுமே வாசிக்க, சொல்லே இல்லாத மெட்டுக்கு இந்த நிபந்தனை பொருந்துமா என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை, அந்த நேரத்தில் அது சரியான முடிவு என்றே இப்போதும் எண்ணுகிறேன்.

விழா நாள்

பிற்பகல் 3 மணிக்கு மேற்கே கறுத்தது. மேடை, மின்கம்பி, இடி ஆகிய மூன்றையும் கருதி, மழை விழும்முன்பே மண்டபத்துக்கு மாறுவதென்று 3.20-க்கு முடிவெடுத்தோம். 4.30-க்கு மழை கொட்டியது. ஒலியமைப்பாளர் இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றியமைத்தார். ஆனால் திறந்தவெளிக்கென்று கொண்டுவந்த பெரிய ஒலிபெருக்கிகள் ஓடு போட்ட தரையும் வெற்றுச் சுவரும் கொண்ட மண்டபத்தில் பேரெதிரொலியை எழுப்பின. முற்பகுதியில் ஒரு சொல்லும் தெளிவாக விளங்கவில்லை என்ற புகார் நியாயமானது.

மண்டபத்துக்கு அருகில் பள்ளிவாசல் இருப்பதால் மாலைத் தொழுகை அழைப்புக்குப் பிறகே தொடங்கி, இரவு அழைப்பின்போது ஒலியை நிறுத்துவதென்று முன்பே நிரலில் எழுதியிருந்தோம். அந்த இடைவேளையில் வடையும் கோப்பியும் வழங்கியதால் யாரும் அதைத் தடையாக உணரவில்லை.

400 நாற்காலிகளும் நிறைந்திருந்தன. 10 மணிக்குப் பிற்பகுதி தொடங்கும்போது பாதிக்குமேல் எழுந்துவிட்டனர். அதைக் கண்டு, ஜாஸுக்கு உட்காரமாட்டார்கள் என்ற பழைய அனுமானம் மெய்யாகிவிட்டதாகவே அந்த நிமிடத்தில் எண்ணினேன். வாசலில் நின்று வழியனுப்பிய தொண்டர்கள் சொன்னது வேறு. போனவர்களில் பெரும்பாலோர் தூங்கிவழியும் பிள்ளைகளைத் தோளில் போட்டிருந்தவர்கள். “நாளைக்கு ஸ்கூலு” என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அவர்கள் இசையைக் கேட்டு எழவில்லை. இசை தொடங்கும்முன் எழுந்தார்கள். எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் சான்றில்லை.

எஞ்சியிருந்த ஏறத்தாழ 150 பேர் இறுதிவரை இருந்தனர். ஐந்தாவது பாட்டுக்குப் பிறகு விளக்குகளைத் தணித்து, மேடைக் கலைஞர்கள் கைகட்டி நிற்க, ஒன்பதாம் நாடாவை ஒலிபரப்பினோம். எதிரொலி மிகுந்த அந்த மண்டபத்தில் ஒற்றைச் சாக்சபோன் மட்டும் வியப்புக்குரிய வகையில் தெளிவாகக் கேட்டது. மெட்டு அடையாளம் தெரிந்ததும் பின்வரிசையில் ஒரு மூதாட்டி, “ஐயோ, இது நம்ம காவடிப் பாட்டுல்ல!” என்றார். மூன்றாம் சுற்றில் உறுமி இளைஞர்கள், முன்பே பேசிவைக்காமல், மிக மெல்லிய கையோடு உள்ளே வந்தனர். டிரம்ஸ் கலைஞர் என்னைப் பார்த்தார், நான் மகளைப் பார்த்தேன், அவர் தலையசைத்தார். டிரம்ஸும் சேர்ந்தது. நாடா முடிந்த பிறகும் அவர்கள் ஆறேழு நிமிடங்கள் நிறுத்தவில்லை.

பின்விளைவுகள்

கணக்கில் 2,700 ரிங்கிட் துண்டு விழுந்தது. செயற்குழுவினர் பகிர்ந்து கட்டினோம். எதிரொலி குறித்தும், பொன்னாடை நேரத்தைக் குறைத்தது குறித்தும் இரண்டு எழுத்துப் புகார்கள் வந்தன. முதலாவதை ஏற்றுப் பதில் எழுதினோம்.

அடுத்த பங்குனி உத்திர ஊர்வலத்தில், பினாங்கின் ஆல்ட்டோ இளைஞர் தாமாகவே வந்து உறுமிக் குழுவோடு நடந்து வாசித்தார். உள்ளூரில் மூன்று பிள்ளைகள் கிளாரினெட் வகுப்பில் சேர்ந்துள்ளனர். இரவல் வாத்தியம் ஒன்றுதான் இருப்பதால் முறைவைத்துப் பழகுகிறார்கள். நோட்டுப் புத்தகத்தின் நகல் ஒன்றும், கீபோர்டு ஆசிரியர் மாற்றி எழுதிய படியும் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. முதல் பக்கத்தில், இது ஆல்ட்டோ கணக்கில் எழுதப்பட்டது என்ற குறிப்பு ஒட்டப்பட்டிருக்கிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

நிகழ்ச்சி நிரலில் ஒரு வரிகூட எழுதும்முன் குடும்பத்தோடும், உயிரோடிருக்கும் சக கலைஞர்களோடும் உட்கார்ந்து, மறைந்தவரின் வாசிப்பைக் கேட்க வேண்டும். எங்களுக்கு அது பத்து வாரங்கள் எஞ்சியிருந்தபோது நடந்தது, அதுவும் மகளின் முயற்சியால். சுவரொட்டி அதற்குப் பிறகுதான் வர வேண்டும். படம் அவருடையதாகவோ அவருடைய வாத்தியத்தினுடையதாகவோ இருக்க வேண்டும்.

பழைய ஒலிநாடாவில் வெண்மை தென்பட்டால் எந்தப் பெட்டியிலும் போடக்கூடாது. தெரிந்தவரிடம் போகும்வரை உலர்வாக வைத்திருப்பது ஒன்றே செய்யத்தக்கது.

சனி மாலை 4 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடித்திருந்தால் இரு மாநிலத்தாருக்கும் ஒத்துவந்திருக்கும். அக்டோபரை விட மனமில்லையென்றால் முதலிலிருந்தே மண்டபத்துக்கென்று திட்டமிட்டு, சிறிய ஒலிபெருக்கிகளைக் கேட்டிருக்க வேண்டும். திரைப்பாடல்களையும் நோட்டுப் புத்தகப் பாடல்களையும் இரண்டு கூறாகப் பிரித்தது என் பார்வையில் மிகப் பெரிய திட்டப் பிழை. ஒரே இரவில் காவடிச் சிந்தையும் புளூஸையும் வாசித்த ஒருவருடைய விழாவில் அந்தத் தடுப்பை நாங்கள்தான் எழுப்பினோம். குழுவில் அனைவரும் இதை ஏற்கவில்லை. முற்பகுதி இல்லாவிட்டால் அந்த 400 பேர் வந்திருக்கவே மாட்டார்கள் என்பது கோயில் தலைவரின் வாதம். அதற்கு என்னிடம் முழுமையான மறுப்பு இல்லை.

சாக்சபோன் பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்டுள்ளது. ஒட்டிக்கொண்ட ஐந்து நாடாக்கள் இப்போது உலர்பெட்டியில், மகளின் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. மைலோ டின்னில் அவர் அரிசி போட்டுவைத்திருக்கிறார்.